எழும்ப மறுக்கும் மடிக்கணினி

சகோதரிகளே, கடனும் காணியும் பிள்ளைகளின் படிப்பும் பேசிவந்த இந்தப் பக்கத்தில் இம்முறை கணினி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நகையை அடகு வைத்து மடிக்கணினி வாங்கிய தாய்மாரை நான் அறிவேன். வெளிநாட்டு உறவுகள் கொடுத்தனுப்பிய பழையவையும் எங்கள் வீடுகளில் நிறைய இருக்கின்றன. தையல் கணக்கு, முன்பள்ளி வரவுப் பதிவு, மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் விபரம் எல்லாம் இப்போது அதற்குள்தான். அது ஒருநாள் எழும்பாமல் கிடந்தால் வீட்டில் வரும் முதற் கேள்வி, “நீ என்னத்தை அமத்தினனி?” என்பதுதான்.

இந்தக் கேள்வியில் எனக்குக் கோபம் உண்டு. 2024 ஜூலை 19 ஆம் திகதி உலகமெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான இற்றைப்படுத்தலே காரணம். அன்று அந்தக் கணினிகளுக்கு முன்னால் இருந்தவர்களை யாரும் என்னத்தை அமத்தினாய் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் கை வைத்த கணினி மட்டும் அவள் கைபட்டே பழுதாகிறதாம்.

“எழும்புதில்லை” என்ற ஒரு சொல்லுக்குள் பல வருத்தங்கள் உண்டு. காய்ச்சலோடு வருபவரிடம் வைத்தியர் கேட்பதுபோல நாமும் கேட்க வேண்டும். பொத்தானை அமத்தினால் விளக்கு எரிகிறதா? காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கிறதா? திரையில் கொம்பனியின் பெயர் வருகிறதா? வந்த பின்னர்தான் நிற்கிறதா?

விளக்கே எரியாவிட்டால் முதலில் சுவர்ப் பிளக்கில் வேறொரு பொருளைக் கொழுவிப் பாருங்கள். பிறகு சார்ஜர். அயல்வீட்டுச் சார்ஜரை வாங்கிச் சோதிப்பதாயின் அதன்மேல் அச்சிட்டிருக்கும் வோல்ற் அளவு உங்களுடையதோடு ஒத்திருக்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பது போதாது. சார்ஜர் சரியென்றால் அதைக் கழற்றி, பற்றரி வெளியே எடுக்கக் கூடியதென்றால் அதையும் எடுத்து, பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடித்துவிட்டுச் சார்ஜரை மட்டும் கொழுவி மீண்டும் போட்டுப் பாருங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்னை வடித்து விடுவதற்கே இது. செலவில்லாத வைத்தியம், பல தடவை பலிக்கிறது.

விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரைதான் கறுப்பு என்றால் இருட்டறையில் ரோர்ச் லைற்றைத் திரையில் சரித்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் கணினி எழும்பிவிட்டது, திரையின் பின்விளக்குத்தான் பழுது. தொலைக்காட்சியோடு வயரில் இணைத்தும் பார்க்கலாம்.

எனது வேலைப் பிரதேசத்தில் ஒரு சங்கப் பொருளாளருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். சகோதரர் அனுப்பிய மடிக்கணினியில் 43 உறுப்பினரின் கடன் கணக்கையும் எழுதி வந்தார். இரண்டு வாரமாக வேலைக்கு நடுவில் நீலத் திரை வந்து தானாக நின்று நின்று எழும்பியது. பிறகு ஒருநாள் கறுத்துப் போனது. பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது நாட்கள். நகரத்துக் கடையொன்றில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “போர்ட் போயிற்று, 28,000 ரூபா முடியும், உள்ளே இருக்கிறதைப் பற்றிச் சொல்லேலாது” என்றார்களாம். ஊரில் கதை வேறு விதமாகப் பரவியது. கணக்கில் கை வைத்துவிட்டு மெஷின் பழுதென்று சொல்கிறா என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். “பிள்ளை, காசு போனாலும் பரவாயில்லை, நான் கள்ளியெண்டு பேர் எடுத்திட்டு இந்த ஊரில எப்பிடி இருக்கிறது?” என்று என்னிடம் அழுதார்.

எங்களோடு தொடர்பிலுள்ள ஒரு தங்கச்சி கணினி வன்பொருள் பயிற்சியை என்.வி.கியூ. 4 ஆம் மட்டம் வரை முடித்தவள். அவள் வந்து பொத்தானை அமத்திவிட்டு விசைப்பலகையைத்தான் பார்த்தாள். ‘கப்ஸ் லொக்’ விளக்கு விட்டு விட்டு மினுங்கியது. திரையில் ஒன்றும் காட்ட முடியாதபோது சில கணினிகள் இப்படி விளக்காலும், வேறு சில ‘பீப்’ சத்தத்தாலும் வருத்தத்தைச் சொல்லும். கொம்பனிக்குக் கொம்பனி இந்த மொழி மாறும். சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, அடிமூடியைத் திறந்து, ‘றாம்’ எனப்படும் நினைவகத் தகடுகள் இரண்டையும் எடுத்தாள். ஒன்றை மட்டும் மாட்டிப் போட்டாள், கறுப்புத்தான். அதை எடுத்துவிட்டு மற்றதை மாட்டினாள். கொம்பனியின் பெயர் வந்தது, விண்டோஸ் வந்தது, கணக்கும் அப்படியே இருந்தது. ஒரு தகடுதான் செத்திருந்தது. இரண்டு வாரமாக வந்த நீலத் திரையும் அதன் வேலைதான். மிஞ்சிய தகட்டோடு கணினி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். பொதுக்கூட்டத்தில் கணக்கு அச்சிட்டு வாசிக்கப்பட்டது. கிணற்றடியில் பேசியவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது மாதமுடிவில் கணக்கை அச்சிட்டுக் கையொப்பம் வாங்குவதோடு, பென் ட்ரைவில் ஒரு பிரதியைத் தலைவியின் வீட்டிலும் வைக்கிறார்கள்.

எல்லாக் கணினியிலும் இந்தத் தகடு கழற்றக் கூடியதாக இருக்காது. மெல்லியவற்றில் போர்டோடு ஒட்டியே வரும்.

கொம்பனியின் பெயர் வந்த பின் விண்டோஸில் சிக்கினால் பழுது பெரும்பாலும் மென்பொருளில் அல்லது வன்தட்டில். விண்டோஸ் 10, 11 இல் ஏறும்போதே பொத்தானை அமத்திப் பிடித்து இரண்டு மூன்று தடவை நிறுத்தினால் அது தானாகவே திருத்தப் பக்கத்துக்குப் போகும். தொடக்கப் பழுதைத் திருத்துவது, கடைசி இற்றைப்படுத்தலை நீக்குவது, ‘சேப் மோட்’ எல்லாம் அங்கே உண்டு. வன்தட்டு ‘டிக் டிக்’ என்று அடித்தால் மட்டும் ஒன்றும் செய்ய வேண்டாம், உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை போடும்போதும் உள்ளிருப்பது இன்னும் கெடலாம்.

‘போர்மற்’ என்ற சொல்லுக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அது அழிப்பு. கணினி செத்தாலும் வன்தட்டு உயிரோடு இருக்கலாம். அதைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு வேறு கணினியில் பிரதி எடுக்கலாம். ஆனால் புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டு ‘பிற்லொக்கர்’ பூட்டோடு வரும். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ற் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இன்னொரு சகோதரியின் மடிக்கணினி ஒரு வருடமாக அலுமாரிக்குள் கிடந்தது. ஏன் கடைக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “அக்கா, அதுக்குள்ள என்ர படங்கள் இருக்கு” என்றாள். அவளுடைய பயம் வீண்பயம் அல்ல. அடுத்தவரின் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் படம் வெளியேறிய பின் சட்டத்தைத் தேடி ஓடுவதைவிட, கொடுக்குமுன் தட்டைக் கழற்றி வீட்டில் வைப்பது மேல். சார்ஜர், திரை, றாம், போர்ட் பழுதைப் பார்க்க வன்தட்டுத் தேவையில்லை, தட்டு இல்லாமலே கொம்பனியின் பெயர் திரையில் வரும். கழற்ற முடியாத வகையென்றால் கடையில் கூட இருந்து பாருங்கள், கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டில் தொடரிலக்கத்தையும் “தரவு அழிக்க வேண்டாம்” என்பதையும் எழுதுவியுங்கள். படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எங்கள் வெக்கையையும் மறக்கக் கூடாது. மெத்தையில் வைத்துப் பாடம் பார்க்கும் பிள்ளை அடிப்பக்கக் காற்றுத்துவாரத்தை அடைத்து விடுகிறது, உள்ளே புழுதி வேறு. அளவுக்கு மீறிச் சூடானால் கணினி தன்னைக் காக்கத் தானே நிற்கும். அரை மணியில் நின்று, ஆறியதும் எழும்புகிறதென்றால் காற்றாடியைத் துப்புரவாக்கினாலே பெரும்பாலும் போதும்.

மேசையில் வைத்தால் ஆடுகிறது, தொடுபலகை மேலெழும்பி நிற்கிறது என்றால் பற்றரி ஊதியிருக்கலாம். அதைச் சார்ஜில் போடாதீர்கள். குத்தவோ, அமத்தவோ, குப்பையோடு எரிக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்பவரைக் கொண்டு கழற்றுவியுங்கள்.