தரங்கம்பாடியில் கோட்டை மட்டும்தானா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் முடித்துவிட்டு, சாப்பாடான கையோடு வேனைத் தரங்கம்பாடிக்கு விடுவது நம் சீர்காழிப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ஆனால் டேனிஷ் கோட்டை முன்னால் நின்று போட்டோ எடுத்து, கடற்காற்று வாங்கி, சுண்டல் தின்றதும் கிளம்பிவிடுகிறோம். அந்த ஊரில் தமிழுக்கு நடந்த பெரிய காரியங்கள் கோட்டைக்கு வெளியேதான் நடந்தன என்பது என் அபிப்பிராயம்.

கோட்டை 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் டேனிஷ்காரர்கள் வியாபாரத்துக்காகக் கட்டியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடையில் 1706 ஜூலை 9 அன்று, டென்மார்க் அரசர் அனுப்பி வந்து இறங்கியவர்கள் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்துநாலு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர் அவர். டேனிஷ் தளபதியோடு மோதல் வந்து, நாம் போட்டோ எடுக்கும் அதே கோட்டையில் சுமார் நாலு மாதம் சிறையில் இருந்தார்.

தமிழின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில் என்று சிலர் சொல்வது சரியல்ல. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி பிறகு நின்றுபோயிற்று. 1713-ல் தரங்கம்பாடியில் மீண்டும் தமிழ் அச்சேறியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் ஏகமாகச் செலவாயிற்று. ஆகவே இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாறில் தாள் செய்யும் பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. 1718-ல் ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அடுத்த வருஷமே முப்பத்தாறு வயதில் இறந்த சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

"மதம் மாற்ற வந்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். ஞானசம்பந்தர் பிறந்த ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். அவர் வந்த நோக்கத்தை அவரே மறைக்கவில்லை. ஆனால் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் அவர்தான். தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டார். நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அதை அச்சிட அங்கிருந்த பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. கொண்டாட வேண்டாம், தெரிந்துகொள்வோம் என்பதே என் பதில்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சரித்திரப் பாடத்தில் டூப்ளே வந்தார். பக்கத்து ஊர்ச் சீகன்பால்கு வரவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கும் அப்படி ஆகக்கூடாது. சீர்காழியும் தரங்கம்பாடியும் இப்போது ஒரே மயிலாடுதுறை மாவட்டம். பள்ளிச் சுற்றுலாவில் கோட்டைக்கு அரைமணி போதும். மீதி நேரத்தை ஆலயத்துக்கும், சீகன்பால்கு இல்ல அருங்காட்சியகத்துக்கும், பொறையாறுக்கும் ஒதுக்கலாம்.

கல் கட்டடம் நிரந்தரமில்லை. மாசிலாமணி நாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோனதை அந்தக் கரையிலேயே பார்க்கிறோம். கடுதாசிப்பட்டறையில் பட்டறை போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயர் எதனால் வந்தது என்று சொல்ல ஆளில்லாமல் போனால் அதுவும் போய்விடும். அடுத்த முறை திருக்கடையூர் போகும்போது பேரன் பேத்திகளிடம் இதைச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது நம் வயதுக்காரர்களின் வேலை.