கண்ணாடியில் ஒரு காட்டுத் தேவன்

"ஐயோ, பிசாசு!" என்றாள் என் தோழி. நான் காட்டிய படத்தில் கொம்பும் குளம்பும் இருந்ததுதான் காரணம். அது பிசாசு அன்று, தோழியரே! பாப்லோ பிக்காசோ வரைந்து கொடுக்க, எஜிடியோ கோஸ்டான்டினி என்பவர் இத்தாலியின் முரானோ தீவில் கண்ணாடியில் உருவாக்கிய 'ஃபான்'. ரோமானியர் கதைகளில் இவன் பாதி மனிதன், பாதி ஆடு. வயலுக்கும் மந்தைக்கும் காவலன். பிற்காலத்து ஓவியர்கள் சாத்தானுக்கும் ஆட்டுக்கொம்பை வைத்துவிட்டதால், பாவம், பழி இவன் தலையில் விழுந்தது!

இவ்வுருவத்தைக் காண்போர், "மனிதனுக்குள் மிருகம் ஒளிந்திருப்பதை இது காட்டுகிறது" என்று எளிதில் சொல்லிவிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடில்லை. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், ஆண்டீப் நகரில் பிக்காசோ தீட்டிய 'வாழ்வின் மகிழ்ச்சி' என்னும் ஓவியத்தில் ஒரு பெண் நடனமாடுகிறாள். ஃபானும் குதிரையுடல் மனிதனும் குழலூதுகிறார்கள். அவருக்கு ஃபான் அச்சத்தின் சின்னமன்று. துயரம் தீர்ந்தவர்களின் கூத்து.

மேலும், இது கண்ணாடி அல்லவா! கல்லில் செதுக்கினால் ஆட்டுக்காலை வேறாகவும் மனித உடலை வேறாகவும் பிரித்துக் காட்டலாம். உலையில் உருகித் தேன்போல் வழியும் குழம்பிலோ எல்லாம் ஒன்றே. ஆடு எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான் என்று யாரால் கோடு கிழிக்க முடியும்? ஒளி இரண்டினூடேயும் ஒன்றுபோலவே புகுந்து செல்கிறது. ஒளிந்துகொள்ள இருட்டே இல்லாத உடலில் மிருகம் எங்கே ஒளியும்?

தீ விபத்துக்கு அஞ்சி வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை அனுப்பிவைத்த தீவுதான் முரானோ. கோஸ்டான்டினியின் பட்டறைக்குக் கவிஞர் ழான் கோக்தோ 'சம்மனசுகளின் உலைக்களம்' என்று பெயரிட்டார். சம்மனசுகளின் உலையில் கொம்பு முளைத்தவன் பிறந்தான் என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு மனக்குறை. கோஸ்டான்டினி தம் கையால் கண்ணாடி ஊதியவர் அல்லர். முரானோவின் கைதேர்ந்த தொழிலாளர்களைக் கொண்டே வேலை வாங்கினார். குழம்பு இறுகுமுன் சில நொடிகளில் அந்தக் கொம்பை இழுத்து வளைத்தவரின் பெயர், நான் பார்த்த படத்தின் கீழே இல்லை. பிக்காசோவின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.