குட்டி யானையா, பெரிய பிக்கப்பா? மூட்டையை எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்!

சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு பிக்கப்புக்கு முன்பு 1.96 லட்சம் வரி கட்ட வேண்டியிருந்தது. இப்போது 1.26 லட்சம். கையில் 70,000 ரூபாய் மிச்சம். அனந்தபுரம், செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் 'வாடகை வண்டிக்குக் கொடுக்கிற பணத்தில் சொந்தமாகவே ஒன்று எடுத்துவிட்டால் என்ன?' என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால், வரிச் சலுகை ஒருமுறைதான் கிடைக்கும். வண்டியோ பத்து வருஷம் வாசலில் நிற்கப்போகிறது. முன்பணத்துக்கு வீட்டு நகை அடகுக்குப் போகும். மாதத் தவணைக்கு அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஷோரூமில் முதலில் வரும் கேள்வி, 'மாசம் எவ்வளவு கட்ட முடியும்?' என்பதாகத்தான் இருக்கும். வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'இந்த வண்டியில் நாம் எதை, எவ்வளவு ஏற்றப்போகிறோம்?'

மூட்டைக் கணக்கு

கம்பெனிகள் எடையை டன்னில் சொல்கின்றன. விவசாயிக்கு மூட்டைதான் கணக்கு. நம் பக்கத்து நெல் மூட்டை 75 கிலோ. அதை வைத்துப் பார்த்தால் எல்லாம் எளிதாகப் புரியும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோதுதான் மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு வண்டி கிடைத்தது. 'குட்டி யானை' என்று தமிழ்நாடே செல்லப்பெயர் வைத்துவிட்டது. 2025-ல் அதே குடும்பத்தில் வந்த ஏஸ் புரோ, 3.99 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் அறிமுகமானது. அதன் சுமைத்திறன் 750 கிலோ. அதாவது, 10 மூட்டை.

ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-ல் வந்தது. அப்போது அதன் திறன் 1.25 டன், அதாவது 16 மூட்டை. டாடா இன்ட்ரா வி50 ஒன்றரை டன், 20 மூட்டை. மஹிந்திரா பொலேரோ பிக்கப் வரிசையில் 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை பல மாடல்கள் உண்டு. 17 மூட்டையிலிருந்து 26 மூட்டை வரை. டாடா யோதா 2.0-வும் 2 டன் ரகம்தான்.

சிமென்ட் மூட்டை 50 கிலோ என்பதால் ஒன்றரை டன் வண்டியில் 30 மூட்டை. தண்ணீர் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் சரியாக ஒரு டன். தொட்டியின் எடை தனி. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது வண்டியும் சேர்ந்து சாயும் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லா லோடும் எடையைப் பொறுத்ததல்ல. வைக்கோல், பந்தல் சாமான், பிளாஸ்டிக் நாற்காலி போன்றவை எடை குறைவு, இடம்தான் அதிகம் அடைக்கும். அதற்கு டன்னைவிடத் தொட்டியின் நீளம் முக்கியம். செஞ்சி வாரச்சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகிறவருக்கும் திண்டிவனம் பக்கம் தர்பூசணி ஏற்றுகிறவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. கடந்த ஒரு வருஷத்தில் வாடகை வண்டி பிடித்தபோதெல்லாம் என்ன ஏற்றினோம், எத்தனை நடை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'கொஞ்சம் கூட ஏத்திக்கலாம்' என்ற நம்பிக்கை

சின்ன வண்டியை எடுத்து, பின்னால் கூடுதலாக ஸ்பிரிங் பிளேட் போட்டு இரண்டு மடங்கு ஏற்றுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஸ்பிரிங் பிளேட் போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக், ஆக்ஸில், டயர், கிளட்ச் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. கூடுதல் எடையோடு ஓடும் வண்டி நிற்பதற்கு அதிக தூரம் பிடிக்கும். நான்கு வழிச்சாலையில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால், அந்த தூரம்தான் உயிர்.

சட்டமும் கடுமையாகிவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி, அதிக சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகச் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். விபத்து நடந்தால், அதிக சுமையைக் காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்கவும் மறுக்கவும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும்.

வண்டியின் உண்மையான சுமைத்திறனை ஆர்.சி-யிலேயே கண்டுபிடிக்கலாம். சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் மிச்சம் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. மேலே இரும்புக் கூண்டு கட்டினால் அந்த எடையும் இதில்தான் கழியும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் தனியாக பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. வாங்குவதற்கு முன்பே இந்த எண்ணைக் கேட்டுவிடுவது நல்லது.

இழுக்கும் வேலைக்கு பிக்கப் சரிவருமா?

அமெரிக்காவில் பிக்கப் வாங்குகிறவர் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, 'எவ்வளவு எடையை இழுக்கும்?' என்பது. அங்கே ஃபோர்டு எஃப்-150 போன்ற பெரிய பிக்கப்களின் பின்னால் படகு, குதிரை வண்டி, வீடு போன்ற டிரெய்லர் எல்லாம் மாட்டிக்கொண்டு போவார்கள். இங்கே டொயோட்டா ஹைலக்ஸ், ஐசுஸு வி-கிராஸ் போன்றவை அந்த ரகம். 2022-ல் ஹைலக்ஸ் வந்தபோதே விலை 34 லட்சத்தை ஒட்டியிருந்தது. மூட்டை ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

நம் சின்ன சரக்கு வண்டிகள் முதுகில் சுமப்பதற்காகச் செய்யப்பட்டவை. முன்னால் இருக்கும் கொக்கி, பள்ளத்தில் சிக்கினால் மீட்பதற்காக. பட்டறையில் பின்னால் ஒரு கொக்கியை வெல்டிங் செய்து டிரெய்லரையோ கதிரடிக்கும் மெஷினையோ மாட்டினால், கம்பெனி வாரன்டியும் சிக்கலாகும், இன்ஷூரன்ஸும் சிக்கலாகும். டிரெய்லர் என்பது சட்டப்படி தனி வாகனம். அதற்கும் பதிவு வேண்டும். வருஷத்தில் பத்து நாள் மட்டும் இழுக்கிற வேலை இருக்கிறதென்றால் டிராக்டரை வாடகைக்குப் பிடிப்பதுதான் லாபம்.

பிக்கப்பில் பார்க்க வேண்டியது ஏற்றம் ஏறும் சக்தி. அதற்கு டார்க் என்ற எண்ணைப் பாருங்கள். அது குறைந்த ஆர்.பி.எம்-லேயே கிடைத்தால், சுமையோடு ஏரிக்கரை ஏறும்போது அடிக்கடி கியர் மாற்றித் திணற வேண்டியிருக்காது. டெஸ்ட் டிரைவுக்கு வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பத்து மூட்டையை ஏற்றி, நீங்கள் தினமும் போகும் சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம்?

8 லட்சம் ரூபாய் கடன், 11 சதவிகித வட்டி, 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய். மாதத்தில் 26 நாள் ஓடினால் ஒரு நாளுக்கு 670 ரூபாய். வேலையில்லாமலோ ரிப்பேராகியோ 20 நாள்தான் ஓடியது என்றால் அதுவே 870 ரூபாய். டிரைவர் சம்பளம், டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி செலவு இதில் சேரவில்லை.

அதனால்தான் மைலேஜைவிட, வண்டி நிற்காமல் ஓடுவது பெரிய விஷயமாகிறது. தினம் 100 கிலோமீட்டர் ஓட்டும் இரண்டு வண்டிகளில் ஒன்று லிட்டருக்கு 12, இன்னொன்று 15 கிலோமீட்டர் கொடுத்தால், டீசல் 93 ரூபாய் என்ற கணக்கில் மாத வித்தியாசம் 4,000 ரூபாய். இது சின்னத் தொகையல்ல. ஆனால், உதிரிபாகம் கிடைக்காமல் ஒரு வாரம் வண்டி ஷெட்டில் நின்றால், அந்த வாரத்தின் தவணை 4,000 ரூபாயோடு வாடகை வருமானமும் சேர்ந்து போய்விடும்.

எனவே, சர்வீஸ் சென்டர் விழுப்புரத்தில் இருக்கிறதா, திண்டிவனத்தில் இருக்கிறதா, அல்லது சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டுமா என்று விசாரியுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிஎஸ்-6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். சில டீசல் மாடல்களில் புகை வடிகட்டி உண்டு. வெறும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே சுற்றும் வேலைக்கு பெட்ரோல், சி.என்.ஜி அல்லது மின்சார வண்டியைப் பரிசீலிக்கலாம். விழுப்புரத்திலிருந்து கோயம்பேடு போய்த் திரும்ப 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதால், அந்த வேலைக்குச் சின்ன மின்சார வண்டி ஒத்துவராது.

திரும்பி வரும்போது லோடு கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காலியாகத் திரும்பினாலும் டீசல் செலவாகத்தான் செய்யும்.

லைசென்ஸும் ஆள் ஏற்றுவதும்

கார் ஓட்டும் எல்.எம்.வி லைசென்ஸ் போதுமா என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்து வைத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வாகனத்தை எல்.எம்.வி லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம். இங்கே சொன்ன பிக்கப்கள் எல்லாமே இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

இன்னொரு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். நடவுக்கு ஆள், கோயிலுக்குச் சொந்தக்காரர்கள், காதுகுத்துக்கு அக்கம்பக்கம் என்று பின்னால் ஏற்றிப்போவது சட்டவிரோதம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வந்தவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே, ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ, அவருடைய ஆளோ உடன் வருவதற்கு மட்டும் சட்டத்தில் இடம் உண்டு. வண்டி கவிழ்ந்தால் அந்த இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் தலையில்தான் விழும். வண்டியோடு நிலமும் வீடும் போய்விடக் கூடிய இடம் இது. 'அக்கா, நாலு பேர்தானே' என்று கேட்பவர்களிடம் வீட்டுப் பெண்களே தைரியமாக மறுத்துவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன்...

* வழக்கமாக ஏற்றும் சுமைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதல் திறனுள்ள வண்டியா? 15 மூட்டைக்காரருக்கு 18 மூட்டை வண்டி சரி.
* ஆன்ரோடு விலையில் இன்ஷூரன்ஸ், வரி, பாடி கட்டும் செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறதா?
* குறைந்தது இரண்டு வங்கிகளில் வட்டி கேட்டாயிற்றா? சரக்கு வாகனத்துக்கு முத்ரா கடனும் வாங்கலாம்.
* எஃப்.சி செலவு கணக்கில் இருக்கிறதா? முதல் 8 வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு வருஷா வருஷம்.
* வேலை குறைவான மாதங்களில் தவணை கட்ட, மூன்று மாதத் தொகை தனியாக இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், இந்த வருஷம் வாடகை வண்டியே ஓடட்டும். வரி குறைந்த விலை அடுத்த அறுவடைக்கும் காத்திருக்கும். அதற்குள் அந்த மூன்று மாதத் தவணையைச் சேர்த்துவிடலாம்.