படத்துல விழாத கம்பி

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? 'ஸ்கேன் படத்துல ஏ.ஐ. வச்சு கட்டி கண்டுபிடிக்கிறது'ன்னு எழுதிக் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க.

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியா கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டு போவார்கள். வழி பார்ப்பது எக்ஸ்ரேயில். சில குழந்தைகளுக்கு வளர வளர இதைத் திரும்பத் திரும்பச் செய்யணும். ஒவ்வொரு தடவையும் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சே கிடையாது, இதயத்தின் சதையும் தெளிவாத் தெரியும். 2003-லேயே லண்டன் மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. துணையோடு இதைச் செய்து காட்டிட்டாங்க. ஆனா இன்னும் எக்ஸ்ரேதான் வழக்கம். ஏன்?

முக்கியமான ஒரு காரணம், உள்ளே போற கருவி சரியாத் தெரியாது. எம்.ஆர்.ஐ. பிடிப்பது உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனின் சிக்னலை. பிளாஸ்டிக் குழாயிலிருந்து அது வராது. உள்ளே உலோகக் கம்பி வைத்தால், நீளமான கம்பி ஆன்டெனா மாதிரி ரேடியோ அலையை வாங்கி நுனியில் சூடாகலாம். இதயத்துக்குள்ளே சூடு!

டிஸ்ப்ரோசியம் ஆக்ஸைடு வளையம் போட்டால் படத்தில் கறுப்புப் புள்ளியாத் தெரியும். அளவு கூடினால் அந்தக் கறுப்பே பக்கத்துச் சதையை மறைத்துவிடும். நுனியில் குட்டிக் காயில் வைத்தால் இடம் துல்லியமாக் கிடைக்கும், ஆனா அதன் ஒயரும் சூடாகலாம். வழக்கமான 1.5 டெஸ்லாவுக்குப் பதில் 0.55 டெஸ்லாவில் சூடு நல்லாவே குறையும். கூடவே சிக்னலும் குறையும். ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு இழுக்குது.

என் கருத்து இதுதான்: படத்திலேயே விழாத நுனியை எந்த ஏ.ஐ.யும் நம்பகமாத் தேடித் தராது. முதலில் அதைத் தெரிய வைக்கணும். அது கோடிங் வேலை இல்லை. இ.சி.இ.யின் ஆன்டெனா பாடம், மெக்கானிக்கலின் மெட்டீரியல்ஸ் பாடம், இந்த ரெண்டும் சேர்ந்த வேலை.

"நம்ம காலேஜ்ல எம்.ஆர்.ஐ. மெஷினே இல்லையே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா உப்புத் தண்ணி ஜெல்லுக்குள்ள ஒரு கம்பியை வச்சு, எந்த நீளத்தில் நுனி அதிகம் சூடாகும்னு கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ண மெஷின் வேண்டாம். லேப் சிஸ்டமும் ரெண்டு டிபார்ட்மென்ட் ஆட்களும் போதும். கிளாஸ்ல பத்து டீம் ஒரே ஏ.ஐ. தலைப்பை எடுக்கும்போது, ஒரு டீமாவது இந்தக் கம்பியை எடுக்கலாமே?