நாயின் விலையைக் கேட்காதீர்கள், ஐயா

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

2047-க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்று உங்கள் ஆணையம் சொல்லிவருகிறது. அதில் நாய், பூனையையும் சேருங்கள் என்றால் சிரிப்பீர்களோ என்னவோ. ஆனால் அவற்றின் சிகிச்சை பில்லைக் கட்டுவது மனிதர்தானே!

மாட்டுக்குக் காப்பீடு நமக்குப் புதிதல்ல. காதில் தோடு குத்தி, விலை மதித்து, மாடு செத்தால் அந்தத் தொகையைத் தருகிற ஏற்பாடு. தோடு இல்லையேல் இழப்பீடு இல்லை என்பதும் விவசாயிக்குத் தெரியும். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 முதல் பிரீமியத்தில் அவர் பங்கு 15 சதவீதம்தான். நல்ல திட்டம். கறவை மாடு போனால் இன்னொன்று வாங்கியாக வேண்டும்.

அதே கணக்கை நாய்க்கும் போட்டதுதான் கோளாறு. பொதுத்துறை நிறுவனங்கள் நாய்க்கு நெடுநாளாகவே பாலிசி தருகின்றன. முக்கியமாக இறப்புக்கு, அதுவும் சந்தை விலையை வைத்து. மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தவர் படிவத்தின் விலைக் கட்டத்தில் என்ன எழுதுவார்? ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்தால் லாப்ரடாருக்கு எடுக்கிற அதே ரத்தப் பரிசோதனைதான் நாட்டு நாய்க்கும். பார்வோ வைரஸ் தொற்று வந்தால் அதே டிரிப்ஸ்தான்.

கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டினால் அறுவையைத் தள்ளிப்போட முடியாது. இரவு பத்து மணிக்கு டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருவார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் போனோடு வாசலுக்குப் போவார். கைமாற்று கிடைத்தால் ஆபரேஷன். இல்லையென்றால், "கஷ்டப்படாம போகட்டும் டாக்டர், ஊசி போட்டுடுங்க." பிழைக்கக்கூடிய நாய் அது. குறைந்த செலவில் பார்க்க சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை மாதிரி எல்லா ஊரிலுமா இருக்கிறது?

மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்தால் போதாதா என்று வளர்ப்பவர்களே கேட்கிறார்கள். வைக்க முடிந்தால் போதும்தான். வளர்க்கத் தொடங்கிய முதல் வருடமே வண்டி மோதிக் கால் முறிந்தால் உண்டியலில் என்ன இருக்கும்? நோய் வந்த பிறகு பாலிசி தேடுவதிலும் பயனில்லை. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் வராது. குட்டியாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், தடுப்பூசிப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதை முகவர்கள் யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

சிகிச்சைச் செலவைத் தரும் பாலிசிகளைத் தனியார் நிறுவனங்கள் சில வருடங்களாக விற்கின்றன. ஆனால் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், நோய்க்கு நோய் உச்சவரம்பு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. பூனை வளர்ப்பவருக்கு இந்தத் தெரிவுகளும் குறைவு.

மனிதர்களுக்கு இதே குழப்பம் இருந்தபோது, 2020-ல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்று எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும்படி ஒரு பாலிசியைக் கொண்டுவந்தது உங்கள் ஆணையம்தான். செல்லப் பிராணிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். இனமும் விலையும் கேட்காமல் சிகிச்சை பில்லுக்குப் பணம் தரட்டும். இடைவிடாமல் புதுப்பித்தவரின் நாயை, செலவு கூடுகிற வயதில் கைவிடாதிருக்கட்டும். அடையாளத்துக்கு என்ன செய்வது என்று நிறுவனங்கள் கேட்டால், சென்னை மாநகராட்சி உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கேட்கத் தொடங்கிவிட்டதைச் சொல்லுங்கள்.

விதிகளுக்கு வரைவு வெளியிட்டுக் கருத்து கேட்பது உங்கள் வழக்கம். இதற்கும் ஒன்று வெளியிடுங்கள். தமிழிலும் வந்தால் நாங்கள் நிறையவே எழுதுவோம்.

இப்படிக்கு,
சென்னையில் நாய் வளர்க்கும் ஒருவர்