குறுக்கே நிற்கும் இரும்பு

நாகலாபுரம் பக்கம் பந்தல் போடுகிறவருக்கு யாரும் பொறியியல் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு கால் நட்டு, மேலே கழி பரப்பிய பிறகு, மூலைக்கு மூலை ஒரு கழியைச் சாய்த்துக் கட்டாமல் அவர் இறங்கி வர மாட்டார். ஆடிக் காற்றில் ஒரு பந்தல் சாய்ந்தால் கம்பு முறிந்து சாய்வது அபூர்வம், கட்டு அவிழ்ந்துதான் சாயும் என்பது அவருக்குத் தெரியும்.

விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டிச் சாலைகளில் எழும் இரும்புச் செட்டுகளும் பந்தல்தான். மிளகாய்க் குடோனோ, தீப்பெட்டி ஆபீஸோ, கல்யாண மண்டபமோ, தூணுக்குத் தூண் பெருக்கல் குறிபோல ஓடும் ஆங்கிள்தான் அதன் சாய்வுக் கழி. பட்டறையில் அதைக் கிராஸ் பிரேசிங் என்பார்கள். நிலம் பக்கவாட்டில் உலுக்கும்போது கட்டடத்தை நிமிர்த்திப் பிடிப்பது அதுவே. லாரி நுழைய இடைஞ்சல் என்று அதை அறுத்து எடுக்கிறவர் உண்டு. நுனியில் இரண்டு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறவரும் உண்டு. கேட்டால் ஒரே பதில்: நம்ம பக்கம் பூகம்பம் எங்கே வருது?

இதே பதிலை நம்பி ஒரு கரிசல் பூமி ஏற்கெனவே செத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி, நம்முடையதைப் போலவே பருத்தியும் சோளமும் விளையும் கறுப்பு மண். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அது முதல் மண்டலம், அதாவது ஆபத்து மிகக் குறைந்த இடம். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, கணபதியைக் கரைத்துவிட்டு வந்து படுத்த ஊர்கள் கல்லும் மண்ணுமாகச் சரிந்தன. அரசுக் கணக்கிலேயே ஏறக்குறைய 8,000 உயிர்கள். 2002-இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதல் மண்டலம் என்ற பிரிவே எடுக்கப்பட்டது. நம் தூத்துக்குடி மாவட்டம் அந்த வரைபடத்தில் இரண்டாம் மண்டலம். ஆபத்து குறைவு என்றுதான் அதற்கு அர்த்தம். இல்லை என்று அர்த்தமில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் குலுங்கியதும், 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலடி நடுக்கத்தைச் சென்னை உணர்ந்ததும் தமிழ்நாட்டின் கணக்கில் இருக்கின்றன.

பூகம்பத்தில் சாய்வு ஆங்கிள் ஒரு கணம் இழுபடும், மறு கணம் நெரிபடும். நெரிபடும்போது வில்லாக வளையும், இழுபடும்போது நிமிர்ந்து நீளும். வளைந்தும் நீண்டும்தான் அது அதிர்வின் வேகத்தைத் தின்று தீர்க்கிறது. அந்த வேலை நடக்க வேண்டுமானால், இரும்பு நீளும்வரை நுனி விடாமல் பிடித்திருக்க வேண்டும். போல்ட் துளையிலோ வெல்டிங்கிலோ நுனி முதலில் கிழிந்தால், ஆங்கிள் எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை. ஆங்கிள் வளையும்போது அதைப் பிடித்திருக்கும் குசெட் பிளேட்டும் கூடவே மடங்க இடம் வேண்டும். பிளேட்டின் கனத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விடச் சொல்கிறார்கள். 10 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 20 மில்லிமீட்டர். ஒரு விரற்கடை! ஒரு கட்டடம் நிற்பதும் விழுவதும் சில வேளை அந்த ஒரு விரற்கடையில் இருக்கிறது.

ஜப்பான் இதை 1981-லேயே சட்டமாக்கியது: பிரேஸ் நீளத் தொடங்கும்வரை இணைப்பு அறக்கூடாது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரம் குலுங்கியபோது, அந்தச் சட்டத்துக்கு முந்திய இரும்புக் கட்டடங்கள் பலவற்றில் மெல்லிய பிரேஸ்கள் நுனியில் அறுந்து கிடந்தன. சரியாக ஓர் ஆண்டு முன்னதாக லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நார்த்ரிட்ஜ் பகுதி குலுங்கியபின், பார்வைக்கு முழுசாக நின்ற கட்டடங்களின் பூச்சையும் பலகையையும் பிரித்துப் பார்த்தபோது உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங்கில் வெடிப்புகள் தெரிந்தன. இரும்புக் கட்டுமானத்துக்கான நம் நாட்டின் ஐ.எஸ். 800 விதிநூலும் 2007 பதிப்பில் நிலநடுக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்து, இணைப்பின் வலுவைத் தனியாகக் கணக்கிடச் சொல்கிறது. தூணின் நடுவயிற்றில் போய் முட்டும் பிரேஸை அது அனுமதிப்பதே இல்லை. அறியாமை என்று இனி யாரும் சொல்லித் தப்ப முடியாது.

தகரக் கூரை போட்ட இலேசான செட்டுக்கு நடுக்கத்தைவிடக் காற்றே பெரிய சுமை என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். கயத்தாற்றில் காற்றாலை நட்டவர்களுக்கு இந்த மண்ணின் காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காற்றைத் தாங்குவதும் இதே பிரேஸ்தான். அப்படியானால் அதை அறுப்பது இரட்டைத் துரோகம். நடுக்கம் என்றாவது வரும், காற்று வருஷந்தோறும் வருகிறது. போதாததற்குக் கரிசல் மண் கோடையில் பிளந்து மழையில் உப்பி அடித்தளத்தை அசைக்கிறது. பிரேஸாக முடுக்கிக் கட்டிய கம்பி அதில் தளர்ந்துபோகும். மறுபடி முறுக்க வேண்டும் என்று நினைப்பவர் எத்தனை பேர்?

வெல்டிங் வைத்த பையன்மீது பழி போடுவதை நாம் ஏற்கவில்லை. படம் கொடுக்காமல் அவனை மேலே ஏற்றியவர் உரிமையாளர். நேரில் வந்து நுனியைப் பார்க்காமல் உறுதிச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் பொறியாளர். கையெழுத்தை மட்டும் பார்த்துக் கோப்பை மூடியது அலுவலகம். கீழே உட்கார்ந்து குச்சி அடுக்குகிற, பெட்டி ஒட்டுகிற பெண்கள் இந்த மூவரையும் நம்பித்தான் காலையில் உள்ளே நுழைகிறார்கள். அவர்களிடம் கேட்காமல் அவர்கள் உயிரைப் பந்தயம் வைப்பது கொலைக்குத் துணிவதுதான். கட்டடம் இன்னும் விழவில்லை என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

சான்றிதழ் கேட்கும் அலுவலர்கள் இனி ஒவ்வொரு பிரேஸின் இரு நுனிகளையும் படமெடுத்துக் கோப்போடு இணைக்கச் சொல்லட்டும். அறுத்த இடத்தில் உரிமையாளர்கள் ஆங்கிளை மறுபடி பொருத்தி முழு வெல்டிங் போடட்டும். லாரிக்கு வழி வேண்டுமானால் பிரேஸை அடுத்த தூண் இடைவெளிக்கு மாற்றிக் கணக்குப் போடப் பொறியாளருக்குத் தெரியும். அதுவரை அந்தச் செட்டுக்குள் ஒரு ஆளையும் இறக்கக் கூடாது.