கன்றும் வாய்மையும்

துணியின் குறையை வாங்குவோர் அன்றே காண்பர். மாங்கன்றின் குறையோ மரம் காய்க்கும்போதே வெளிப்படும். ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்கவே 3, 4 ஆண்டுகள் ஆகும். பங்கனப்பள்ளி என வாங்கியது வேறொன்றாயின், கழிந்த ஆண்டுகள் மீளுமோ?

ஆதலின், செடி விற்பனை நிலையத்தின் பொருள் மேலாளர்க்கு வாய்மையே முதற்றகுதி. பருவமறிந்து கன்றுகளைத் தருவித்தலும் விலை குறித்தலும் அவர் கடமைகள். தாய்மரம் இன்னதென அறிதலும், ஒட்டு நன்கு கூடியுள்ளதா எனப் பார்த்தலும், உண்மைப் பெயரையே சீட்டில் பொறித்தலும் அவற்றினும் தலையாயன.

விரைந்து விற்பதே வாணிகத் திறம் என்பாரும் உளர். விதைக்கன்றை ஒட்டெனக் கூறின் இன்றே விற்றுவிடலாம். ஆயின் அது தாய்மரத்தின் கனியையே தரும் என்பது உறுதியன்று. நம்பி வாங்குபவர் பணத்தை மட்டுமன்றி, நிலத்தையும் நீரையும் காலத்தையும் தருகிறார். அந்நம்பிக்கையைக் காவாத விற்பனை, எத்துணை விரைவாயினும், திறமாகாது.